ஜோடி சேராத செருப்பு

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். மலாக்காவில், எங்கள் காஜா பேராங்கில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதனால் இந்தக் கதையில் நான் கத்தும் இடங்களில் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கதை என்னைப் பற்றியது அல்ல. என் மனைவி சீதாவின் கால் போக இருந்தது. அதைப் போகாமல் காப்பாற்றியவள் கம்போங் செட்டி ருக்மணி அக்கா. ஆஸ்பத்திரியில் தரை கூட்டித் துடைத்தவளைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் கடைசிவரை படித்துவிட்டு என்னிடம் வரட்டும்.

மலாக்கா டவுனில் அப்போது ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. இன்று அந்தக் கட்டடமும் இல்லை. ஜப்பான்காரன் போன மறு வருஷம் நான் அங்கே மொழிபெயர்ப்பாளனாகச் சேர்ந்தேன். தமிழர்கள் சொல்வதை வெள்ளைக்கார டாக்டர் துரைக்கு இங்கிலீஷில் சொல்ல வேண்டும். துரை சொல்வதைத் திருப்பித் தமிழில் சொல்ல வேண்டும். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை. தோட்டத்தில் பிறந்தவன் துரைக்குப் பக்கத்தில் நிற்கிறேன் என்றால் சும்மாவா? தலைக்கனம் என்றால் அப்படி ஒரு தலைக்கனம்.

சேர்ந்த இரண்டாவது வாரம் ஒரு பெண் வந்து, “இடுப்பு வலி தாங்கலீங்க” என்றாள். நான் துரையிடம் ‘பேக் பெயின்’ என்றேன். அவர் தலை நிமிராமல், வரிசையில் உட்காரட்டும் என்றார். அரை மணி நேரத்தில் அந்தப் பெஞ்சிலேயே ஒரு பெண் குழந்தை பிறந்தது! வயிறு பெரிதாகத்தான் இருந்தது. என் கண்தான் என் டையிலேயே இருந்தது. இரண்டு மாதம் நர்ஸ் மிஸ்ஸிகள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

அன்றைக்கே எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டேன். தமிழ்ப் பெண் ஒருத்தி இடுப்பு வலி என்று சொன்னால் முதலில் வயிற்றைப் பார். வயிறு பெரிதாக இருந்தால் பிரசவ வலி. இல்லையென்றால் ‘பேக் பெயின்’. பத்து வருஷம் இந்தச் சட்டத்தை வைத்துத்தான் வண்டி ஓட்டினேன். நம் ஆட்கள் விலாவுக்குக் கீழே தொடங்கித் தொடைக்கு மேலே முடிகிற அத்தனை இடத்தையும் இடுப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறார்கள். அது எனக்கு உறைக்கவே இல்லை.

இனி ருக்மணி அக்கா. மலாய்ப் பெண்களைப் போலக் கெபாயாச் சட்டையும் சாரோங்கும் கட்டுவாள். கொண்டையில் ஒரு ஊசி. ஆஸ்பத்திரியில் ‘அமா’ வேலை; கூட்டுவது, துடைப்பது, நோயாளிகளைத் தூக்கிப் படுக்க வைப்பது. ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே சேர்ந்தவள். புருஷன் சண்டைக் காலத்தில் காய்ச்சலில் போய்விட்டார், பிள்ளைகள் இல்லை. மாரியம்மனுக்கு விரதம் இருப்பாள், பொங்கலுக்குப் பானை வைப்பாள், வாயைத் திறந்தால் மலாய்தான். அந்தக் காலத்தில் மலாக்காவில் குடியேறிய தமிழ் வணிகர்களின் வழி வந்த கம்போங் செட்டி ஆட்கள் எல்லோரும் அப்படித்தான், தலைமுறை தலைமுறையாக. எனக்கு அது பெரிய கேலி.

“அக்கா, மாரியம்மனுக்கு மலாய் புரியுதா?” என்று ஒருநாள் சீண்டினேன்.

“நீதானே ஆளுக்காள் கேட்டுச் சொல்றவன்? போய்க் கேட்டு வந்து சொல்லு” என்றாள். அவள் சொன்னது மலாயில். உங்களுக்காகத் தமிழில் எழுதுகிறேன்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அதை யாரும் அவளுக்குக் கொடுக்கவில்லை. நம் சனம் துரையின் அறைக்குள் செருப்போடு போகாது. சாமி சன்னதிக்குப் போவதுபோல வாசலிலேயே கழற்றிவிட்டுப் போவார்கள். போட்டுக்கொண்டே வாருங்கள் என்று நான் தொண்டை கிழியக் கத்தியும் பார்த்தேன். கேட்டால்தானே! காலை எட்டு மணிக்கே வாசலில் செருப்பு மலையாகக் குவிந்து, மிஸ்ஸி ஒருத்தி தடுக்கி விழுந்தாள். அன்றிலிருந்து அக்கா ஒவ்வொரு செருப்பாக எடுத்து, ஜோடி சேர்த்து, சுவரோரம் வரிசையாக அடுக்கி வைப்பாள். தினமும் நூறு ஜோடி. பத்து வருஷம் என்றால் நீங்களே பெருக்கிப் பாருங்கள்.

ஒரு தடவை, ஜாலான் பெண்டஹாரா என்ற தெருவில் துணிக்கடை வைத்திருந்த கபீர் என்பவர் கால் புண்ணுக்கு மருந்து கட்ட வந்தார். அக்கா அவருடைய செருப்பைக் காட்டி, மருந்து கட்டும் டிரஸ்சரிடம் ஏதோ சொன்னாள். செருப்பின் மேல் எறும்பு மொய்த்திருந்தது. நூறு செருப்பில் அந்த ஒரு ஜோடியில் மட்டும். சிறுநீர் தெறித்த செருப்பாக இருக்கும், பரிசோதனை பண்ணிப் பாருங்கள் என்றிருக்கிறாள். பார்த்தால் இனிப்பு நீர்! சிறுநீரில் அவ்வளவு சர்க்கரை! எல்லோரும் அசந்துபோனார்கள். குருட்டாம்போக்கில் சொன்னது பலித்துவிட்டது என்று நான் மட்டும் உதட்டைப் பிதுக்கினேன்.

சீதாவுக்கு வலி தொடங்கியது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தின் கடைசியில். அப்போது அவளுக்கு இருபத்தாறு வயது. வீட்டில் தையல் மெஷின் வைத்து ரவிக்கை தைப்பாள். காஜா பேராங்கில் பாதிப் பெண்களுக்கு அவள் தைத்ததுதான். “இடுப்பு வலிக்குதுங்க” என்றாள். பக்கத்து வீட்டுப் பொன்னம்மா உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டாள்.

“நாள் முழுக்க மெஷின மிதிச்சா இடுப்பு போகாம என்ன செய்யும்? ரெண்டு நாள் மூடி வையி, எல்லாம் சரியாயிடும்.”

மெஷினை மூடினோம், சரியாகவில்லை. வாயு என்றார்கள், பூண்டு தின்றாள். சூடு என்றார்கள், நல்லெண்ணெய் வைத்தாள். சாயங்காலமானால் உடம்பு கதகதவென்று இருந்தது. ஆள் இளைத்து, வளையல் முழங்கை வரை ஏறியது. இரண்டு தடவை துரையிடம் கூட்டிப்போனேன். அவர் கேட்டார், அவள் “இடுப்பு” என்றாள், நான் ‘பேக் பெயின்’ என்றேன். முதுகெலும்பைத் தட்டிப் பார்த்தார், சிறுநீர் எடுத்தார், முதுகைப் படம் பிடித்தார். ஒன்றும் இல்லை. தைலமும் இடுப்புக்குக் கட்டிக்கொள்ள ஒரு வாரும் கொடுத்தார்.

ஐம்பத்தாறு பிப்ரவரியில் ஒருநாள், சுதந்திரத்துக்கு நாள் குறித்துச் சொல்லப் போகிறார்கள் என்று ஊரே பண்டார் ஹிலிர் திடலுக்குத் திரண்டது. நானும் சீதாவும் கிளம்பினோம். பாதி வழியில் அவள் ஒரு விளக்குக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். “நீங்க போங்க, நான் மெதுவா வர்றேன்” என்றாள். எனக்கு வந்ததே கோபம்! துரையே ஒன்றும் இல்லை என்று சொன்ன உடம்பு. இவள் எதற்கு நொண்டுகிறாள்? நடுத்தெருவில் நின்று கத்தினேன். திடலிலிருந்து “மெர்டேக்கா!”, அதாவது சுதந்திரம், என்று ஆயிரமாயிரம் பேர் முழங்கிய சத்தம் காற்றில் வந்தது. அந்த நேரத்தில் நான் செய்துகொண்டிருந்த காரியம் அது. நினைத்தால் இன்றும் கூசுகிறது.

மார்ச்சில் மூன்றாவது தடவை போனோம். துரை எல்லாக் காகிதங்களையும் புரட்டிவிட்டு, கையை விரித்தார். முதுகில் எந்தக் கோளாறும் இல்லை, வீட்டில் ஏதாவது மனக்கவலை இருக்கலாம், இனி வர வேண்டியதில்லை என்றார். எனக்கு முகம் கருத்துவிட்டது. அதை அவளிடம் தமிழில் சொல்லக்கூட இல்லை. வாசலுக்கு வந்ததும் வெடித்தேன்.

“எல்லார் முன்னாலயும் மானத்த வாங்கிட்டியேடி! நடிக்கிறியா நீ?”

சீதா செருப்பைத் தேடினாள். வலது செருப்பு சுவரோரம் இருந்தது. இடது செருப்பு ருக்மணி அக்காவின் கையில் இருந்தது. மல்லாக்கத் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இத்து புக்கான் பிங்காங்” என்றாள் என்னிடம், சீதாவின் இடுப்பு வாரைக் காட்டி. அது இடுப்பு நோவு இல்லை என்று அர்த்தம்.

“கூட்டுறவ கூட்டுற வேலையப் பாரு. செருப்பக் குடு” என்றேன். கோபத்தில் எனக்கு மரியாதையும் மறந்துவிடும்.

அவள் கொடுக்கவில்லை. வலது செருப்பையும் எடுத்து இரண்டையும் என் மூக்குக்கு நேரே நீட்டினாள். போன வருஷத் தீபாவளிக்கு ஜாலான் பெண்டஹாராவில் நான் வாங்கிக் கொடுத்த தோல் செருப்பு. வலதில் குதிகால் நன்றாகத் தேய்ந்து ஒரு பக்கம் சரிந்திருந்தது. இடதில் விரல் பக்கம் தேய்ந்து ஓட்டை விழும் நிலையில் இருந்தது. குதிகாலில் கடைக்காரன் ஒட்டிய விலைச் சீட்டின் பசைகூட அப்படியே இருந்தது. நான்கு மாதமாக அவள் இடது குதிகாலைத் தரையில் வைக்கவே இல்லை! ஒரே வீட்டில் இருக்கிறேன், ஒரே வாசலில் செருப்பை விடுகிறேன். என் கண்ணில் படவில்லை.

அக்கா என்னைத் திரும்பி நிற்கச் சொன்னாள். திரும்பி நின்றேன். ஏனோ அந்த நேரத்தில் அவள் சொன்னதைத் தட்ட முடியவில்லை. சீதாவுக்குச் சந்தையில் பேசும் பாசார் மலாய் தெரியும். எங்கே நோகிறது, கையை வைத்துக் காட்டு என்று அக்கா கேட்டது காதில் விழுந்தது. பிறகு சீதா அழும் சத்தம் கேட்டது.

“பங்கால் பாஹா” என்றாள் அக்கா. தொடையின் அடி. தொடையும் வயிறும் சேரும் மடிப்பு. சீதா கை வைத்த இடம் அதுதான்.

“இத ஏன் என்கிட்ட சொல்லல?” என்றேன்.

“வெள்ளக்காரரு நிக்கிறாரு, நீங்க நிக்கிறீங்க. அந்த எடத்த நான் எப்படிங்க கைய வச்சுக் காட்டுவேன்? அதான் இடுப்புன்னு சொன்னேன். பொம்பள அப்படித்தானே சொல்லுவா?”

எனக்குத் தமிழ் தெரியும் என்றுதான் சம்பளம் கொடுத்தார்கள். என் பெண்டாட்டி பேசிய தமிழ் எனக்குத் தெரியவில்லை. ருக்மணி அக்காவுக்கு இடுப்பு என்ற சொல்லே தெரியாது. அதனால் அந்தச் சொல்லில் அவள் ஏமாறவில்லை. காலைப் பார்த்தாள், செருப்பைப் பார்த்தாள், கையை வைத்துக் காட்டச் சொன்னாள். வேறு என்ன செய்தாள்? அதைத்தான் துரையும் நானும் மூன்று தடவையும் செய்யவில்லை.

அடுத்து நடந்ததை அந்த ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள் ரொம்ப நாள் பேசினார்கள். அக்கா விளக்குமாற்றைச் சுவரில் சாத்தினாள். இரண்டு செருப்பையும் கையில் எடுத்தாள். நேராகத் துரையின் அறைக்குள் போனாள். அவருடைய மேஜையில், காகிதங்களின் மேல், செருப்புகளை மல்லாக்க வைத்தாள்!

எனக்கு உயிரே போய்விட்டது. துரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். அக்கா மலாயில் பேசத் தொடங்கினாள். அவர் என்னைப் பார்த்தார். பத்து வருஷத்தில் முதல் தடவையாக, என் சட்டம் எதையும் போடாமல், கேட்டதைக் கேட்டபடி இங்கிலீஷில் சொன்னேன். நோவு முதுகில் இல்லை, தொடையின் அடியில். இந்தக் கால் தரையில் முழுதாகப் படுவதில்லை. நான் தவறாகச் சொல்லிவிட்டேன் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது அக்கா சொன்னதில்லை.

துரை என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் செருப்பைக் கையில் எடுத்தார். குதிகாலைக் கட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு சீதாவைக் கூப்பிடச் சொன்னார்.

கட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்தார். பார்த்தால் இரண்டு காலும் நேராகத்தான் நீட்டியிருந்தன. நல்ல காலை, வலது காலை, மடக்கி முழங்காலை வயிற்றோடு சேர்த்து மெல்ல அமுக்கினார். அப்போது நான் பார்த்ததை எப்படிச் சொல்வது! வலது முழங்கால் வயிற்றை நெருங்க நெருங்க, சும்மா நீட்டியிருந்த இடது தொடை தானாக எழும்பியது. யாரும் தொடவில்லை. சீதாவும் எழுப்பவில்லை, அவளே மிரண்டுபோய்ப் பார்த்தாள். வலது காலை நீட்டினால் அது படுத்துக்கொண்டது. மறுபடி மடக்கினால் மறுபடி எழுந்தது. அம்மாடி! என் கை தானாகக் கூப்பிக்கொண்டது.

துரை பொறுமையாக விளக்கினார். தொடை எலும்பின் பந்து வந்து உட்காரும் மூட்டு அரைகுறையாக மடங்கி இறுகிவிட்டது. முதுகு வளைந்து கொடுத்து, கால் நேராக இருப்பதுபோல் காட்டிக்கொண்டிருந்தது. நல்ல காலின் முழங்காலை வயிற்றோடு அமுக்கினால் முதுகு வளைய முடியாது, ஒளிந்திருந்தது வெளியே வந்துவிடுகிறது. நான் அதை அக்காவுக்கு மலாயில் சொன்னேன். அவள் கையை வாயில் வைத்துக்கொண்டு, “யா அல்லா, மாரியம்மா” என்று இரண்டு சாமியையும் சேர்த்துக் கூப்பிட்டாள்.

பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, இந்தத் தடவை அந்த மூட்டைப் படம் பிடித்தார்கள். பந்து உட்காரும் கிண்ணத்தின் ஓரம் கறையான் அரித்த மாதிரி மங்கியிருந்தது. காசநோய். நெஞ்சில் மட்டும்தான் அது வரும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன், எலும்பிலும் வருமாம். பந்து இன்னும் முழுசாக இருக்கிறது, இன்னும் மூன்று மாதம் விட்டிருந்தால் அதுவும் கரைந்து, கால் குட்டையாகி, ஆயுசுக்கும் கட்டை ஊன்றித்தான் நடக்க வேண்டியிருக்கும் என்றார்கள். இப்போதும் உறுதி சொல்ல முடியாது, பார்க்கலாம் என்றார்கள். அந்தப் ‘பார்க்கலாம்’ எங்களோடு ஒரு வருஷத்துக்கு மேல் குடியிருந்தது.

பதின்மூன்று மாதம். தினமும் ஊசி, கைநிறைய மாத்திரை. முதலில் காலில் எடை கட்டி இழுத்து வைத்தார்கள். பிறகு மார்புக்குக் கீழிருந்து பாதம் வரை மாவுக்கட்டு. அக்கா வேலை முடிந்ததும் கம்போங் செட்டியிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போவாள். சீதாவுக்குத் தலை சீவிவிடுவாள். சீதாவின் மலாய் நன்றாகத் தேறியது. அக்கா ஒரே ஒரு தமிழ்ச் சொல் கற்றுக்கொண்டாள்.

“கணேசா, இடுப்பு எங்கே?” என்று என்னை எங்கே பார்த்தாலும் கேட்பாள். பாசாரில் மீன் வாங்கும்போதுகூட! நான் மூன்று இடத்தைத் தொட்டுக் காட்ட வேண்டும். முதுகின் அடி, பக்கவாட்டு எலும்பு, தொடையின் அடி. காட்டும்வரை விட மாட்டாள்.

ஆஸ்பத்திரியில் என் வேலையும் மாறியது. இடுப்பு என்று யார் சொன்னாலும், “கைய வச்சுக் காட்டுங்க” என்பேன். பெண்கள் என்றால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வேன். அக்கா வந்து நிற்பாள். வீட்டில் சம்மணம் போட முடிகிறதா, குந்தி எழ முடிகிறதா, நோவு முழங்காலுக்கு இறங்குகிறதா, பாதம் வரைக்கும் ஓடுகிறதா என்று கேட்பேன். பின்பக்கம் காட்டிப் பாதம் வரை ஓடுகிறது என்றால் முதுகு நரம்பாக இருக்கலாம். மடிப்பில் கை வைத்தால் மூட்டைப் பார்க்க வேண்டும். முழங்கால் நோவு என்று வந்த இரண்டு பேருக்குக்கூட நோய் இடுப்பு மூட்டில் இருந்தது. துரை அக்காவை அடிக்கடி கூப்பிட்டு, செருப்பைப் பார்த்தாயா என்று கேட்பார். நாற்காலி போடச் சொன்னார். அவள் உட்கார மாட்டாள்.

இவ்வளவும் எப்படித் தெரிந்தது என்று துரை ஒருநாள் என்னைக் கேட்கச் சொன்னார். அக்கா கொஞ்சம் வெட்கப்பட்டாள்.

“ஜோடி ஜோடியா அடுக்குறேன். ஜோடி சேராதது கண்ணுல படுது. அவ்வளவுதான், வேற என்ன?”

துரை அதைக் கேட்டுவிட்டு எழுந்து நின்றார். அவளுக்கு முன்னால் எழுந்து நின்றார். நான் பார்த்தேன்.

ஐம்பத்தேழு மே மாதம் சீதா வீட்டுக்கு வந்தாள். இரண்டு கட்டையோடு வந்தாள், ஒரு மாதத்தில் ஒன்றானது. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தேன். ஆகஸ்டு முப்பத்தொன்று, கொடி மாறிய நாளில், கையை வீசிக்கொண்டு வாசல் வரை வந்து நின்றாள். சம்மணம் போட வரவில்லை, இன்றுவரை வரவில்லை. ஆனால் நடந்தாள். மெஷின் சத்தம் மறுபடி கேட்டது. கால் முழுதாகச் சரியாகிவிட்டதா என்று எனக்குத் தினமும் பயம். கேட்டால் சரியாகிவிட்டது என்பாள். இவள்தான் எதையும் வாய்விட்டுச் சொல்லாதவள் ஆயிற்றே, எப்படி நம்புவது?

அந்த வருஷத் தீபாவளி காலை. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வாசலுக்கு வந்தேன். நான் வாங்கிக் கொடுத்த அந்தப் புதுச் செருப்பு வாசலில் கிடந்தது. மெதுவாகக் குனிந்து இரண்டையும் எடுத்து, மல்லாக்கத் திருப்பினேன். பார்த்தேன். என் கண்ணை என்னாலேயே நம்ப முடியவில்லை. புதுச் சட்டையோடு, அந்தத் தேய்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினேன். தீபாவளியும் அதுவுமாக ஒரு மனுஷன் தேய்ந்த செருப்போடு ஓடுகிறானே என்று பொன்னம்மா தலையில் அடித்துக்கொண்டாள். ஓடட்டுமே!

கம்போங் செட்டியில் அக்கா இரவு வாசலில் ஏற்றி வைத்த விளக்கை எடுத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. செருப்பை நீட்டினேன். அவள் கையைச் சாரோங்கில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். வெளிச்சத்துக்குத் திருப்பினாள். இடது குதிகாலைத் தடவினாள், வலது குதிகாலைத் தடவினாள், மறுபடி இடதைத் தடவினாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது.

“சாமா” என்றாள்.

இரண்டும் ஒரே அளவு தேய்ந்திருந்தன. சாமா என்றால் மலாயில் சமம். அந்த ஒரு சொல்லை எனக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.